முதல் 446 பைட்

புனே–லோணாவளா லோக்கலில் தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவே வருகிற நிறுத்தம் கசார்வாடி. ஒரு பக்கம் பழைய மும்பை நெடுஞ்சாலை, அதன் தலைக்கு மேல் 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோ. கொஞ்சம் நடந்தால் நாசிக் பாட்டா, அதைத் தாண்டினால் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. நீராவிக் கருவிகள் செய்யும் ஃபோர்ப்ஸ் மார்ஷல் போன்ற பெரிய ஆலையும் உண்டு, நாலு லேத்தை வைத்துக்கொண்டு ராப்பகலாக ஓடும் தகரக் கொட்டகையும் உண்டு. கோவை, சேலம், திருநெல்வேலி என்று நம் பக்கத்திலிருந்து டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து வந்த பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறை பிடித்துத் தங்கியிருப்பார்கள். அவர்களுடைய மடிக்கணினிகளில் பலவற்றில் இரண்டு குடித்தனம். கேட்டியாவுக்கும் சாலிட்வொர்க்ஸுக்கும் விண்டோஸ் வேண்டும். காற்றோட்டக் கணக்குப் போடும் ஓப்பன்ஃபோமும் ரோபோக்காரர்களின் ராஸும் லினக்ஸில்தான் சுகமாக ஓடும். இன்னொரு மடிக்கணினி வாங்கக் காசு இருக்காது. ஆகவே ஒரே வட்டில் இரண்டும்.

ஒருநாள் காலையில் இரண்டும் வராது.

"அண்ணா, லேப்டாப் போச்சு. ஆன் பண்ணினா கறுப்பாவே நிக்குது."

"கறுப்புல ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"ரெண்டு வரி இருக்கு, படிக்கல. கடைக்காரர் ஃபார்மேட் போட்டுடலாம்ங்கறார்."

அந்த ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். படமும் பாட்டும் ப்ராஜெக்ட் அறிக்கையும் வட்டில் அப்படியே இருக்கின்றன. காணாமல் போனது வட்டின் வாசலில் இருந்த ஒரு துண்டு நிரல் மட்டும். பூட்லோடர் என்கிறார்கள். வாசலில் அதற்கு யாரும் போதுமான இடம் கொடுத்ததில்லை, கொடுத்த இடமும் இன்னாருக்குச் சொந்தம் என்று வரையறுத்ததில்லை. இன்று கசார்வாடி அறையில் நிற்கும் கறுப்புத் திரையின் பூர்வீகம் அதுதான்.

கதை 1981இல் ஃப்ளோரிடாவின் போகா ரட்டோனில் தொடங்குகிறது. ஐ.பி.எம். தன் பி.சி.யை அங்கேதான் உருவாக்கியது. மின்சாரம் வந்ததும் பயாஸ் என்ற நிலைநிரல் விழித்துக்கொள்ளும். அதற்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, "இனி நீ பார்த்துக்கொள்" என்று ஒதுங்கிவிடும். எந்த இடம்? பதினாறடிமான எண்ணில் 7சி00. அந்த பயாஸ் குழுவில் இருந்த டேவிட் பிராட்லி பின்னாளில் காரணம் சொன்னார்: அந்தக் காலத்து இயங்குதளத்துக்குக் குறைந்தது 32 கிலோபைட் நினைவகம் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் முன்பகுதியை இயங்குதளத்துக்கு முழுசாக விட்டுவிட்டு, கடைசி ஒரு கிலோபைட்டில் இந்த 512 பைட்டையும் அது புழங்கக் கொஞ்சம் இடத்தையும் வைத்தார்கள். கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் என்ற மூன்று விரல் வித்தையைக் கொடுத்தவரும் இதே பிராட்லிதான். கணினி நின்றுபோனால் நாம் செய்கிற முதல் காரியமும், மறுபடி துவங்கும்போது அது செய்கிற முதல் காரியமும் ஒரே ஆளின் கைவேலை.

1983 மார்ச்சில் 10 மெகாபைட் வட்டோடு பி.சி. எக்ஸ்டி வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0 இயங்குதளம், ஒரு வட்டை நான்கு பகுதிகள்வரை பிரித்துக்கொள்ள வழி செய்தது. அந்தப் பிரிவினைப் பட்டியலுக்கு 64 பைட். "இது செல்லும்" என்று காட்டும் முத்திரைக்கு 2 பைட். 512இல் மிச்சம் 446. யூனிகோடு தமிழில் எழுதினால் மூன்று குறள் கொள்ளும். நான்காவது பாதியில் அறுந்துவிடும். அந்த இடத்துக்குள் ஓர் இயங்குதளத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுப்பும் நிரலை எழுத வேண்டும். டாஸ் மட்டும் குடியிருந்தவரை இது போதுமானதாகவே இருந்தது. யாரும் வாசலைப் பங்கு கேட்கவில்லை.

பங்கு கேட்க லினக்ஸ் வந்தது. 1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ, இரண்டு இயங்குதளங்களில் எது வேண்டும் என்று கேட்டு அனுப்பும் வேலையைச் செய்தது. லினக்ஸ் உலகத்தில் பத்து வருடம் அதன் ஆட்சிதான். லிலோவுக்கும் கோப்பு முறைமை தெரியாது. லினக்ஸின் கருவான கெர்னல் வட்டின் எந்தெந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்பதை நிறுவும்போதே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால், அது பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் லிலோவிடம் இருந்த ஒரு நல்ல குணத்தைப் பின்னால் வந்த எதுவும் அவ்வளவு சுருக்கமாகக் காட்டவில்லை. தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு படி முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிடும். எல் மட்டும் வந்து நின்றால், முதல் துண்டு ஏறிவிட்டது, இரண்டாம் துண்டை வட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. எல்ஐ என்று நின்றால், இரண்டாம் துண்டு வந்தது, ஓடவில்லை. எல்ஐஎல் என்றால் அது ஓடியது, ஆனால் தனக்கு வேண்டிய விவரப் பட்டியலைப் படிக்க முடியவில்லை. நான்கு எழுத்தும் வந்தால் எல்லாம் நலம். செத்துக்கொண்டே தன் நோயைச் சொல்லிவிட்டுப் போன நிரல் அது. அந்த அறைப் பையனிடம் "ஏதாச்சும் எழுதியிருக்கா" என்று கேட்பதும் இந்தப் பழக்கத்தால்தான். பூட் எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் வைத்தியத்தில் முக்கால்வாசி முடிந்தது.

லிலோவுக்குப் பின் அந்த இடத்தைப் பிடித்த பூட்லோடர் கிரப். அதன் பிறப்பு வேறு ஒரு வீட்டில். 1995இல் எரிக் போலின் என்பவர் குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தை, யூட்டா பல்கலைக்கழகத்தின் மாக் 4 நுண்கெர்னல்மீது எழுப்ப முயன்றுகொண்டிருந்தார். ஃப்ரீபிஎஸ்டியின் பூட்லோடரை வளைத்துப் பார்த்து, அது வளையாமல், கடைசியில் புதிதாகவே எழுதினார். 1999இல் கோர்டன் மாட்ஸிக்கைட்டும் யோஷினோரி ஒகுஜியும் அதை குனுவின் அதிகாரப்பூர்வப் பொதியாக ஆக்கினார்கள். பிறகு ஒகுஜியே பழையதை விட்டுவிட்டு அடியிலிருந்து வேறொன்று எழுதத் தொடங்கினார். அது கிரப் 2 ஆனது. 2009 அக்டோபரில் வந்த உபுண்டு 9.10இல் அது இயல்பாக இடம்பிடித்தது. யாருக்காகப் பிறந்ததோ அந்த ஹர்ட் இன்றுவரை வீட்டுக் கணினிகளுக்கு வந்து சேரவில்லை. வேலைக்காரன் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டான்.

கிரப்புக்குக் கோப்பு முறைமை தெரியும். லிலோவிடமிருந்து அதைப் பிரிக்கிற பெரிய வித்தியாசம் இது. கெர்னல் எங்கே நகர்ந்தாலும் பெயரைச் சொல்லித் தேடிக்கொள்ளும். ஆனால் இவ்வளவு அறிவை 446 பைட்டில் அடைக்க முடியுமா? முதல் துண்டு ஒரே ஒரு வேலையைச் செய்யும்: அடுத்த துண்டின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை, எடுத்துவரும். அந்த அடுத்த துண்டைக் கிரப் எங்கே ஒளித்துவைத்தது தெரியுமா? பழைய வட்டுகளில் முதல் பகுதி 63ஆம் செக்டரில் தொடங்குவது வழக்கம். முன்னால் 62 செக்டர், ஏறக்குறைய 31 கிலோபைட், வெறுமனே கிடந்தது. யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு. கிரப் அங்கே கொட்டகை போட்டது.

இங்கேதான் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. வாங்கிக் கொடுத்தது அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். சில வருடங்களுக்கு முன்பே, சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லினக்ஸ் பக்கம் தைரியமாகச் சாய்ந்த நிறுவனம் அது. மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துச் சுமந்து வந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய இயங்குதளம். சி-டாக் 1988இல் புனேயில் பிறந்தது. பரம் 8000 என்ற சூப்பர் கணினியை 1991இல் கொடுத்ததும் அதுவே. புனேயில் தலைமையகம், சென்னையில் மென்பொருள், அதைச் சுமந்த கணினி வேலை தேடி மறுபடி புனே வந்தது என்று பார்த்தால் ஒரு வட்டம் சுற்றி முடித்ததுபோல் இருக்கிறது.

மற்ற இடங்களில் பெரும்பாலும் இரட்டை பூட் என்பது ஆர்வக்காரர்களின் விளையாட்டு. தமிழ்நாட்டில் அது லட்சக்கணக்கான வீடுகளுக்கு அரசு முத்திரையோடு வந்தது. கிராமத்துப் பிளஸ் டூ மாணவிக்கும் கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு. அந்த மெனு ஏன் வருகிறது என்று பள்ளியில் ஒரு வகுப்பு எடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எடுக்காததால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது எளிது. வட்டில் இடம் போதவில்லை. விண்டோஸின் வட்டு மேலாண்மையைத் திறந்தால் பெயர் தெரியாத ஒரு பகுதி கிடக்கிறது. உபயோகமில்லை என்று அதை அழித்துவிடுகிறோம். அடுத்த முறை ஆன் செய்தால் "நோ சச் பார்ட்டிஷன்", அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ". வாசலில் நின்ற 446 பைட்டும் புறம்போக்குக் கொட்டகையும் உயிரோடு இருக்கின்றன. அவை தேடிப்போகும் வீடுதான் இடிக்கப்பட்டுவிட்டது.

அந்த ரெஸ்க்யூ வரியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. லினக்ஸ் பகுதி உண்மையில் இருந்து, எண் மட்டும் மாறியிருந்தால் அங்கேயே சரிசெய்யலாம். எல், எஸ் என்ற இரண்டெழுத்தைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியும் பகுதிகளை வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து பூட் கோப்புறையும் அதற்குள் கிரப் கோப்புறையும் எதில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த முகவரியை 'ப்ரிஃபிக்ஸ்' என்ற மாறியில் வைத்து, 'நார்மல்' என்ற மாட்யூலை ஏற்றி ஓட்டினால் பழைய மெனு வந்து நிற்கும். லினக்ஸுக்குள் போனதும் கிரப்பை மறுபடி நிறுவிவிட்டால் நிரந்தரம். பகுதியே அழிந்துவிட்டது, இனி விண்டோஸ் மட்டும் போதும் என்றால் விண்டோஸ் மீட்பு பென் டிரைவில் 'பூட்ரெக்' கட்டளைக்கு 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று சொன்னால் வாசல் விண்டோஸ் கைக்குப் போய்விடும். இரண்டிலும் ஒரு போட்டோகூடப் போகாது. இடத்துக்கு ஆசைப்பட்டு லினக்ஸை அழிப்பதானால், முதலில் வாசலை மாற்று, பிறகு வீட்டை இடி என்ற வரிசை மட்டும் முக்கியம்.

எதிர்த் திசையிலும் இதே கூத்து. விண்டோஸ் 7 காலம்வரை, விண்டோஸை மறுபடி நிறுவினால் வாசலில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் 446 பைட்டையும் தன்னுடையதாக எழுதிவிடும். லினக்ஸ் உள்ளே பத்திரமாக இருக்கும். போக வழி இருக்காது. ஆகவே முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்பது இரட்டை பூட்காரர்களின் பால பாடம்.

போசரிக்கு மிகப் பொருத்தமான தகராறு ஒன்று 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. விலையுயர்ந்த பொறியியல் மென்பொருள்களில் பல, உரிமம் செல்லுமா என்று சோதிக்க ஃப்ளெக்ஸ்நெட் போன்ற காவல் நிரல்களை வைத்திருந்தன. சோதனைக்காலம் முடிந்ததும் ஆள் ஃபார்மேட் போட்டுவிட்டு மறுபடி இலவசமாக ஓட்டிவிடக் கூடாதே! அதற்காக அவற்றில் சில, தங்கள் அடையாளத்தை எந்தப் பகுதிக்குள்ளும் சேராத இடத்தில் எழுதிவைத்தன. எந்த இடம்? அதே 62 செக்டர் புறம்போக்கு. காலையில் லினக்ஸ் வரும், மத்தியானம் வரைபட மென்பொருளைத் திறந்து மூடினால் சாயங்காலம் கிரப் செத்திருக்கும். கிரப்பை மறுபடி நிறுவினால் ஒருநாள் பிழைக்கும், பிறகு மறுபடி அதே கதை. டெபியன், உபுண்டு இரண்டிலும் கிரப்பைப் பராமரித்த காலின் வாட்சன் இந்தக் குற்றவாளிகளைத் தேடிப் பட்டியலிட்டார். அந்த அடையாளங்களைக் கண்டால் அந்தச் செக்டரைத் தாண்டிக் குதிக்க கிரப் கற்றுக்கொண்டது. அதோடு நிற்காமல், தன் துண்டுக்கு ரீட்–சாலமன் பிழைதிருத்தமும் போட்டுக்கொண்டது. கீறல் விழுந்த சிடி தடங்கலில்லாமல் பாடுவதற்குக் காரணமான அதே கணிதம். சட்டப்படி இருவருக்குமே உரிமையில்லாத இடத்தில் நடந்த அடிதடி என்பதால் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. பகுதிக்கு வெளியே எழுதியது தப்பு என்றால் கிரப் செய்ததும் அதேதானே?

இந்தப் புறம்போக்கு அரசியலை முடித்துவைக்க வந்தது, பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ என்ற புதிய நிலைநிரல் முறை. 1990களின் பிற்பகுதியில் இட்டானியம் சில்லுகளுக்காக இன்டெல் தொடங்கிய வேலை, 2005இல் பொது அமைப்பிடம் போய், விண்டோஸ் 8 காலத்தில் எல்லா மடிக்கணினிகளுக்கும் வந்துவிட்டது. நிலைநிரலுக்கே இப்போது கோப்பு படிக்கத் தெரியும். வட்டில் ஒரு சிறு பகுதி பூட்லோடர்களுக்கென்றே ஒதுக்கப்படும். விண்டோஸ் பெரும்பாலும் 100 மெகாபைட் கொடுக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை. யார் முதலில் என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கும். ஆகவே இன்றைய புதுக் கணினியில் "விண்டோஸ் அப்டேட் போட்டேன், லினக்ஸ் காணோம்" என்றால் பத்துக்கு ஒன்பது தடவை எதுவும் அழியவில்லை, வரிசை மாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது எஃப்12, கம்பெனிக்கு ஒரு பொத்தான், அதைத் தட்டி உபுண்டுவை மேலே ஏற்றினால் தீர்ந்தது.

லினக்ஸ் பக்கமும் சுத்தமில்லை. 2021 ஜூனில் வந்த கிரப் 2.06, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி இயல்பாக நிறுத்திவிட்டது. அந்த முறை மெனுவிலிருந்து காணாமல் போனது விண்டோஸ். கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து மெனுவைப் புதுப்பித்தால் திரும்பிவிடும். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நின்றால் அதற்கும் பூட்லோடருக்கும் சம்பந்தமில்லை. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது, அவ்வளவுதான்.

இடப் பிரச்சினை தீர்ந்ததும் அதிகாரப் பிரச்சினை வந்தது. விண்டோஸ் 8 முத்திரை வேண்டும் என்றால் கணினியில் செக்யூர் பூட் இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத பூட்லோடரை நிலைநிரல் உள்ளே விடாது. கையெழுத்தைச் சரிபார்க்க விண்டோஸ் கணினி செய்கிற கம்பெனிகள் போட்டுவைக்கும் சாவி மைக்ரோசாஃப்டுடையது. அப்போது ரெட் ஹேட்டில் இருந்த மேத்யூ காரெட் 2012இல் ஷிம் என்ற சிறு நிரலைக் கொண்டுவந்தார். மைக்ரோசாஃப்ட் ஷிம்மில் கையெழுத்திடும். ஷிம், கிரப்பின் கையெழுத்தைப் பார்க்கும். லினக்ஸ் தன் வாசலில் நிற்கப் போட்டியாளரிடம் அனுமதிச்சீட்டு வாங்குகிறது என்பது பலருக்குக் கசந்தது. எனக்கும்தான். ஆனால் அந்தச் சீட்டு இல்லாமல் இருந்தால் பயாஸுக்குள் நுழைந்து செக்யூர் பூட்டை அணைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே லினக்ஸ் என்று ஆகியிருக்கும்.

2020 ஜூலை 29. எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கிரப்பில் ஒரு பெரிய ஓட்டையை வெளியிட்டது, பூட்ஹோல் என்று பெயர். கிரப்புக்குக் கையெழுத்து உண்டு. அது படிக்கும் அமைப்புக் கோப்புக்கு இல்லை. அந்தக் கோப்பில் அளவுக்கு மீறி நீளமான சொல்லை வைத்தால் கிரப் தடுமாறிவிடும், அந்தத் தடுமாற்றத்தில் எதையும் ஓட்டலாம். ஓட்டையை அடைத்த அவசரத்தில் ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் கணினிகள் பல பூட் ஆகாமல் நின்றன. பழைய ஓட்டைக் கிரப்புகள் எல்லாவற்றையும் மதர்போர்டில் தடைப்பட்டியலில் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலுக்கு இருந்த இடம் ஏறக்குறைய 32 கிலோபைட். இந்த ஒரு ஓட்டைக்கே அதில் பத்து போய்விட்டது. மறுபடியும் இடம்! அதனால் பெயர்பெயராகத் தடுப்பதை விட்டு, "இந்தத் தலைமுறைக்கு முந்தியவை எல்லாம் செல்லாது" என்று எண்ணைச் சொல்லித் தடுக்கும் எஸ்பாட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்.

அது இரட்டை பூட்காரர்கள் தலையில் விடிந்தது 2024 ஆகஸ்ட் 13இல். அன்றைய விண்டோஸ் புதுப்பிப்பு, எஸ்பாட் எண்ணை உயர்த்தியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் இரட்டை பூட்டைக் கண்டுபிடிக்கும் அதன் சோதனை பல கணினிகளில் ஏமாந்துபோனது. விண்டோஸ் ஒழுங்காக வந்தது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஷிம் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லி, ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று இன்னொரு வரியும் எழுதிவிட்டுக் கணினியை அணைத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வு கொடுத்தது 2025 மே மாதத்தில். அதுவரை ஊர் வைத்தியம் ஒன்றுதான்: செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், 'மோக்யூட்டில்' என்ற கருவியால் அந்த எஸ்பாட் கொள்கையை அழித்து, ஒருமுறை மறுதுவக்கம் செய்துவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி போடுவது.

ஒரே ஒரு எச்சரிக்கை. செக்யூர் பூட்டில் கைவைக்கும் முன் விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் சொந்தக்காரருக்குத் தெரியாமலே வட்டு பூட்டப்பட்டிருக்கிறது. வாசலில் ஏதோ மாறியதைக் கண்டதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோய், ஊரில் இருக்கும் அண்ணன் போனுக்கு ஓடிபி போய், அவர் வேலையில் இருந்து எடுக்காமல்... பூட்லோடரால் தரவு போகாது என்று மேலே அடித்துச் சொன்னேனே, அதற்கு இருக்கும் ஒரே விலக்கு இதுதான்.

ஷிம்மில் மைக்ரோசாஃப்ட் இட்டுவந்த கையெழுத்தின் 2011ஆம் வருடத்துச் சான்றிதழுக்கு ஆயுள் 2026 ஜூன்வரை. ஏற்கெனவே கையெழுத்தானவை அந்தத் தேதியோடு செத்துவிடாது. பொதுவாக நிலைநிரல் காலண்டரைப் பார்ப்பதில்லை. அதன்பின் வரும் புது ஷிம்களுக்கு 2023இன் புதுச் சாவி கணினிக்குள் ஏறியிருக்க வேண்டும். ஆகவே பயாஸ் புதுப்பிப்பு வந்தால் அதைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்வது நல்லது. போடும் முன் லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றும் பிட்லாக்கர் சாவியின் நகல் ஒன்றும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் போக வேண்டி வராது. விண்டோஸ் 7 காலத்து அந்த விலையில்லா மடிக்கணினிகளுக்கு இந்தத் தேதி பொருட்டே இல்லை. கையெழுத்தைக் கேட்கும் பழக்கம் அவற்றுக்கு வரவில்லை. அவற்றில் எது நின்றாலும் எல், எஸ் தட்டிப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.